எட்டுக்கு ஏழு

செங்கழனிப்பட்டு
18 அக்டோபர் 2024

அன்புள்ள தமிழினிக்கு,

இதே உறையில் பேரூராட்சி அலுவலக நோட்டீஸ் ஒன்று இருக்கும். அதைப் படித்து என்னைத் திட்டி முடித்துவிட்டு இதைப் படி. தொடர்ந்து இரண்டு மன்றக் கூட்டங்களுக்கு நீ வரவில்லை. மூன்றாவதற்கும் வராவிட்டால் ஒன்பதாவது வார்டு உறுப்பினர் பதவி போய்விடும் என்று அதில் எழுதியிருக்கிறது. செயல் அலுவலர் தயார் செய்தது. தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

போனில் சொல்லியிருப்பேன். என் எண்ணை நீ பிளாக் செய்து வைத்திருப்பதாகக் கதிர்வேல் அண்ணன் சொன்னார். "கட்டுனவன் நானே சொல்லியும் கேக்க மாட்டேங்குது, நீ வேணா லெட்டர் போட்டுப் பாரும்மா" என்றார். அதனால்தான் இது.

நாம் பேசியதைப் பதிவு செய்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான் இல்லை. என் வீட்டுக்காரர் இளவரசு செய்த வேலை. எனக்கே மறுநாள்தான் தெரியும். நீ அரை மணி நேரம் உன் தெரு வடிகாலுக்காக என்னிடம் மன்றாடினாய். அதில் "எங்க வார்டுக்கு என்னா குடுக்கப் போற, அதச் சொல்லு மொதல்ல" என்ற ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, நீ கமிஷன் கேட்டதுபோல் ஆக்கிவிட்டார். இளவரசுக்குக் கட்சி என்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

நாம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அதை நினைத்தாவது நவம்பர் 29 கூட்டத்துக்கு வந்துவிடு.

உன்
சத்யப்பிரியா

*

அண்ணாமலை நகர்
27 அக்டோபர் 2024

பிரியா,

நோட்டீஸ் வந்தது. உன் கடிதமும் வந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

மறுநாள் தெரியும் என்கிறாய். தெரிந்த பிறகு என்ன செய்தாய்? அந்தக் குழுவில் "முழுப் பேச்சு இது இல்லை" என்று ஒரு வரி போட்டாயா? என் மகள் கல்லூரியில் யாரோ ஒருத்தி தன் போனில் அதைப் போட்டுக் காட்டி, "இது உங்கம்மா குரல்தானே" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். இவர் நடத்தும் மெஸ்ஸில் காலையில் இட்லி ஊற்றுகிறேன், மதியம் நூற்றுப் பத்து பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன். இங்கே யாரும் என்னைக் கவுன்சிலர் என்று கூப்பிடுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருந்தேன். உன் அலுவலகத்திலிருந்தே பதில் வந்திருக்கிறது. "ஒன்பதாவது வார்டு, தேரடிக் குறுக்குத் தெரு, 220 மீட்டர் மழைநீர் வடிகால். பணி நிறைவுற்றது. செலவு 31 லட்சம்." நான் அந்தத் தெருவில் பதினாறு வருடம் குடியிருந்தவள். ஒரு மண்வெட்டி விழுந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. நிறைவுற்றது என்பதற்குக் கீழே உன் கையெழுத்து.

நீ தலைவரானது எப்படி என்று மறந்துவிட்டாயோ என்றுதான் எழுதுகிறேன். மன்றத்தில் பதினைந்து பேர். எங்கள் கட்சிக்கு எட்டு, உங்கள் கட்சிக்கு ஏழு. நீ தோற்றிருக்க வேண்டியவள். முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நின்று, "ஒரு தடவையாச்சும் நானா ஜெயிக்கணும்டி. என் மொத கையெழுத்து உன் தெருக் கால்வாய்க்குத்தான்" என்றாய். நான் கட்சியை விட்டுவிட்டு உனக்கு ஓட்டுப் போட்டேன். ரகசிய வாக்குப்பதிவு. எட்டுக்கு ஏழு என்று நீ ஜெயித்தாய்.

பழி யார் மேல் விழுந்தது என்பதும் உனக்குத் தெரியும். பத்தாவது வார்டு தேவநாதன் மாமா காசு வாங்கிக்கொண்டு ஓட்டை மாற்றிப் போட்டார் என்று எங்கள் கட்சி அவரைத் தூக்கி வெளியே போட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் உன் வெற்றியும் போகும், என் மானமும் போகும் என்று சும்மா இருந்துவிட்டேன். எனக்குத் தூக்கம் கெட்டது. உனக்கு?

கூட்டத்துக்கு வருவேனா என்று தெரியாது.

தமிழினி

*

செங்கழனிப்பட்டு
11 நவம்பர் 2024

அன்புள்ள தமிழினிக்கு,

இனி இந்த முகவரிக்கு எழுதாதே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டு முகவரியைக் கீழே தருகிறேன். அந்த ஓட்டைப் பற்றி எழுத்தில் எதுவும் வேண்டாம். உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டேன். இளவரசுக்கு இன்றுவரை உன் ஓட்டு என்று தெரியாது. தெரிந்தால் அதை வைத்தே உன்னைக் காலம் முழுக்க ஆட்டிவைப்பார்.

வடிகால் விஷயத்தில் நீ நினைப்பதுபோல் இல்லை. சில நடைமுறைகள் இருக்கின்றன. பணி தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். மழை விட்டதும் தை மாதத்தில் தொடங்கிவிடுவார்கள் என்று ஒப்பந்ததாரர் சொல்லியிருக்கிறார். அவர் இளவரசின் சித்தப்பா மகன்தான், ஏமாற்ற மாட்டார்.

நான் பெயருக்குத்தான் தலைவர், தமிழினி. என் அறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இளவரசுக்கு இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறது. வருகிறவர்கள் அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் கும்பிடு போடுகிறார்கள். கோப்புகள் வீட்டுக்கு வரும். எந்த இடத்தில் கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்திருக்கும். நான் தனியார் பள்ளியில் எட்டாயிரம் சம்பளத்துக்கு வேலை பார்த்தபோதுகூட மாணவர்களின் விடைத்தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

நேரில் வா. பேசிக்கொள்ளலாம்.

பிரியா

*

அண்ணாமலை நகர்
16 டிசம்பர் 2024

பிரியா,

உனக்கு எழுதக் கூடாது என்று பன்னிரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. புயலுக்கு முன்பே நீ கடலூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதனால் உனக்குத் தெரியாதிருக்கலாம்.

இரண்டு நாள் மழையிலேயே தேரடிக் குறுக்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிய வழியில்லாமல் ஒன்பது நாள் நின்றது. செய்தி கேட்டு நான் கிளம்பியபோது பஸ் புவனகிரியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஒரு டிராக்டரில் ஏறி, பிறகு நடந்து போனேன். என் வீட்டைப் பார்க்கப் போகவில்லை. தேவநாதன் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் வார்டு பத்தாவது, வீடு மட்டும் எங்கள் தெருவில் என்பது உனக்குத் தெரியும். அவர் மனைவி முத்தம்மாள் அத்தைக்கு ஒரு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை போக முடியவில்லை. ஆட்டோ தெருவுக்குள் வராது. ஆம்புலன்ஸ் தேரடி மூலை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. செவ்வாயும் போயிற்று. நான் போனது புதன்கிழமை. அத்தை முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேர் கயிற்றுக் கட்டிலோடு தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தோம். எங்களில் மூன்று பேர் எங்கள் கட்சி, ஒருத்தர் உங்கள் கட்சி. மாமா முன்னால் நடந்தபடி காலால் துழாவித் துழாவிப் பள்ளம் பார்த்துச் சொன்னார். பாதி வழியில் திரும்பி என்னிடம் கேட்டார்: "இங்க கால்வா கட்டியாச்சுன்னு ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்காங்களாமே தமிழு, எங்கம்மா இருக்குது? சொல்லு, காலு உட்டுக்கப் போவுது."

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

சிதம்பரம் போவதற்குள் வண்டியிலேயே அத்தை போய்விட்டது.

நவம்பர் 29 கூட்டம் மழையால் தள்ளிப்போனதால் என் பதவி இன்னும் இருக்கிறதாம். நீ கவலைப்பட்டாயே, அதனால் சொல்கிறேன்.

தமிழினி

*

மஞ்சக்குப்பம், கடலூர்
10 ஜனவரி 2025

தமிழினிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்று வாரமாக என்னோடுதான் இருக்கிறது.

சாவுக்கு வர வேண்டும் என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். "அந்தத் தெருவுக்குள்ள நீ கால வெச்சன்னா செருப்பு மாலதான் போடுவாங்க, பேசாம இரு" என்று இளவரசு காரை எடுக்க மறுத்துவிட்டார். பஸ்ஸில் வந்திருக்கலாம். எனக்கும் பயம்தான். அதை அவர் மேல் போடக் கூடாது.

போன கடிதத்தில் பணி தாமதம் என்று எழுதியது பொய். நான் அறிந்தே கையெழுத்துப் போட்டேன். போன வருடம் மார்ச் கடைசியில் கோப்பு வந்தது. "இந்தத் தெருவுல இன்னும் தோண்டவே இல்லையே" என்று இளவரசிடம் கேட்டேன். "மார்ச்சுக்குள்ள பில்லு போடலன்னா பணம் திரும்பிப் போயிடும். பில்லு போட்டுட்டு அப்புறமா தோண்டிக்கலாம்" என்றார். சரி என்று போட்டேன். இரண்டு மாதம் கழித்து எப்போது தோண்டுவார்கள் என்று கேட்டேன். "நமக்கு ஓட்டுப் போடாத தெரு. அங்க என்னா அவசரம்? அவுங்க ஆளுங்க வந்து கட்டிக்கட்டும்" என்றார். அந்தப் பணத்தில் பாதி எங்கள் தேர்தல் கடனுக்குப் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. மீதி, கட்சி மாநாட்டுக்கு ஆள் கூட்டிப்போன பஸ்களுக்கு.

ஓட்டுப் போடாத தெரு என்று அவர் சொன்னபோது, அந்தத் தெருவிலிருந்து வந்த ஒரு ஓட்டில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

தேவநாதன் மாமாவிடம் எதுவும் சொல்லிவிடாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நீ ஓட்டு மாற்றியது வெளியே வந்தால் உன்னை ஊரில் வாழ விட மாட்டார்கள். எனக்காக இல்லை, உனக்காகத்தான். யோசித்துச் செய்.

பிரியா

*

அண்ணாமலை நகர்
20 ஜனவரி 2025

பிரியா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன்.

காணும் பொங்கல் அன்று போனேன். பிச்சாவரம் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அந்த வீட்டில் பொங்கல் இல்லை. மாமா ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். "மாமா, அன்னைக்கு ஓட்ட மாத்திப் போட்டது நானு. நீங்க இல்ல. எனக்குத் தெரிஞ்சே உங்க மேல பழி வந்திச்சு. வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இத அவ இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். என் ஒருத்தியால் மட்டும் சுமக்க முடியாது.

"ஊரு சொன்னதக்கூட நான் பெருசா எடுத்துக்கல. முத்தம்மா நம்பிட்டா. அவுங்க அப்பா காலத்துலேர்ந்து கட்சிக் குடும்பம், அவளுக்குத் தாங்கல. அப்புறம் ஒடம்புக்கு முடியாமப் போச்சு. இருந்த ரெண்டு காணிய வித்தேன், மாட்ட வித்தேன். அப்பவும் அவ என்னா சொல்லுவா தெரியுமா? வாங்குன பணத்த எங்க பதுக்கி வெச்சிருக்க, அத எடுத்து எனக்கு வைத்தியம் பாரு, நான் சாவுறதுக்குள்ள எடுன்னுவா. இல்லடின்னா நம்ப மாட்டா. எவளுக்காச்சும் குடுத்துட்டியான்னு கேப்பா. கட்டில்ல தூக்கிக்கிட்டு வந்தோமே, அன்னைக்கும் கட்டில தூக்குறப்ப என் கையப் புடிச்சி அதத்தான் கேட்டா."

பிரியா, அந்தக் கட்டிலின் ஒரு காலை நான் பிடித்திருந்தேன். அத்தை ஏதோ முனகியது எனக்கும் கேட்டது. வலியில் முனகுகிறது என்று நினைத்தேன்.

நீ எனக்காகத்தான் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். என்னை ஊர் வாழ விடுமா விடாதா என்று இனிமேல் நான் யோசிப்பதாக இல்லை. வருகிற மன்றக் கூட்டத்துக்கு வருகிறேன். என் ஓட்டைப் பற்றி எழுந்து சொல்வேன். வடிகாலைப் பற்றியும் கேட்பேன். நீ என்ன செய்யப்போகிறாய் என்று உன்னிடம் கேட்கவில்லை.

தமிழினி

*

செங்கழனிப்பட்டு
5 பிப்ரவரி 2025

தமிழினி,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

தேவநாதன் மாமா பெயரைச் சொன்னது நான்.

நான் ஜெயித்த அன்று ராத்திரி இளவரசு என்னைக் குடைந்து எடுத்தார். "எட்டாவது ஓட்டு எவனுது? உனக்குத் தெரியாம இருக்காது." அவர் உங்கள் கட்சியில் மூன்று பேருக்கு ஆள் மூலம் பணம் காட்டியிருந்தார். தேவநாதன் மாமா அதில் ஒருவர். அந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். உன் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயந்துபோய், "தேவநாதனா இருக்கும்" என்றேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. அவர் என்னோடு ஒரு தரம்கூடச் சண்டை போட்டதில்லை. நினைவுக்கு வந்த முதல் பெயர்.

மறுநாளே இளவரசு அதை டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவிட்டார். உங்கள் கட்சியை உடைக்க அவருக்கு நல்ல சாக்காக ஆயிற்று. நான் சொன்ன ஒரு சொல் அந்த வீட்டுக்குள் இரண்டரை வருடம் கிடந்து, கடைசியில் ஒரு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். பேச்சு எங்கே போகும் என்று யோசிக்காமல் வாயைத் திறந்தவள் நான். வாயைத் திறக்கவில்லை என்று நீ உன்னைத் திட்டிக்கொள்கிறாய்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். அந்த ஓட்டு உன்னுடையது என்று தெரிந்தால், நான் ஜெயித்தது உன்னால் என்று ஆகிவிடும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று நான் தனியாக, நடந்தே அவர் வீட்டுக்குப் போனேன். யாரும் செருப்பு மாலை போடவில்லை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கும்பிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "ஊட்ல வந்து அழுதா என்னாத்துக்கு ஆவும்? மன்றத்துல நடந்தது, மன்றத்துல சொல்லுங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறட்டும். நான் நாலு தடவ அங்க உக்காந்தவன். என் பேரு அங்கதான் கெட்டுது" என்றார்.

இருபத்தாறாம் தேதி கூட்டம். செயல் அலுவலரிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

பிரியா

*

மஞ்சக்குப்பம், கடலூர்
23 மார்ச் 2025

தமிழினி,

கூட்டத்துக்குப் பிறகு நாம் பேச நேரமே கிடைக்கவில்லை. உங்கள் கட்சிக்காரர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு கத்தினார்கள், எங்கள் கட்சிக்காரர்கள் என்னை. இரண்டு பக்கமும் ஒரே வசவு.

மாமா பெயரைச் சொன்னதையும் வடிகால் கணக்கையும் எழுதிக்கொண்டு வந்து படித்தேன். இரண்டாவது பக்கத்தைப் படிக்க முடியாமல் நின்றபோது நீ எழுந்து வந்து பக்கத்தில் நின்றாய். எனக்காக இல்லை, உன் முறை வந்தது என்று எழுந்தாய், எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றாய்.

வடிகால் கட்டாமலே பணம் எடுத்ததை மாவட்ட ஆட்சியருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணைக்கு மூன்று முறை போயாயிற்று. பதவியை நானே விட்டுவிட்டேன். அவர்கள் வழக்குப் போட்டால் நான்தான் முதல் குற்றவாளி, இளவரசு இல்லை. எதிலும் அவர் கையெழுத்து இல்லையே. "என்னயும் மாட்டிவுட்டு நீயும் மாட்டிக்கிட்ட, என்னாத்த கண்ட?" என்று கேட்டார். அதன் பிறகு பேச்சே இல்லை. நான் அம்மாவோடு இருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். என்னை மன்னித்துவிட்டாயா?

பிரியா

*

அண்ணாமலை நகர்
14 ஏப்ரல் 2025

பிரியா,

என் கதை தெரிந்திருக்கும். கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மெஸ் வாசலில் இரண்டு நாள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து போய் வெளியே நின்றார்கள். அப்புறம் அவர்கள் வரவில்லை. என் மகள் மட்டும் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அந்தத் தாத்தாவப் பத்தி அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள்.

தேரடிக் குறுக்குத் தெருவில் போன வாரம் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். வேறு ஒப்பந்ததாரர். மாமா காலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறாராம். எங்கள் கட்சித் தலைவர்கள் சால்வையோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், திரும்ப வந்து சேருங்கள் என்று. "சால்வய அவ படத்துக்குப் போடுங்க. அவதான் கடைசி வரைக்கும் உங்க கட்சியில இருந்தா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் நேற்றுப் போனேன். இந்த முறை உட்காரச் சொன்னார். பிறகு அவராகவே சொன்னார்: "அன்னைக்கே உன் பேரு வெளிய வந்திருந்தா, உன்ன ஒதுக்கி வெக்கணும்னு மொத ஆளா நான்தான் எழுந்து பேசியிருப்பேன். உன் ஊட்டுக்குத் தண்ணிக் கொழாய நிறுத்துன்னு சொல்லியிருப்பேன். முப்பது வருஷமா அப்பிடித்தானே பண்ணோம். இவன் தெரு, அவன் தெருன்னுதான் ரோடு போட்டோம், லைட்டு போட்டோம். தண்ணி என் ஊட்டு வாசல்ல வந்து நின்னப்பதான் தெரியுது."

வெயிலில் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. உன்னை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. கோபம் போனதும் அந்தக் கட்டில் வந்துவிடுகிறது, அதில் என் கையும் இருக்கிறது. மன்னிக்கிற இடத்தில் நானே இல்லை என்று தோன்றுகிறது.

விசாரணைக்கு ஒவ்வொரு தடவையும் நீ தனியாகவே போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அடுத்த முறை என்றைக்கு என்று எழுது. காலைச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தால் பதினொன்றரைக்குள் கடலூர் வந்துவிடலாம். உள்ளே என்னை விட மாட்டார்கள். வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழினி